காட்டுத் துறவியின் பெயரில் ஒரு கண்ணாடி

திருவள்ளூர்ச் சீமையில் தொழில் வந்த கதை: தொடர்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உருளத் தொடங்கிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கார் வந்தால் அதன் பின்னாலேயே டயர் வரும், இருக்கை வரும், விளக்கு வரும், கண்ணாடியும் வரும். திருப்பெரும்புதூருக்குக் கண்ணாடி வந்தது 2000-இல். அன்று முதல் செயின்ட் கோபைன் என்ற பெயர் நம் வட்டாரத்தின் அன்றாடப் பேச்சில் சேர்ந்துவிட்டது. ஷிப்ட் பஸ்ஸின் நெற்றியில் அந்தப் பெயர் இருக்கிறது, கார்க் கண்ணாடியின் மூலையில் இருக்கிறது, காக்களூர் சிட்கோவில் அலுமினிய ஜன்னல் அடிக்கிற பட்டறைக்காரர் எழுதித் தரும் மதிப்பீட்டுச் சீட்டிலும் இருக்கிறது. "அஞ்சு எம்எம், கோபைன் போட்டுடலாம் சார்" என்று அவர் சொல்லும்போது, பிரான்ஸ் நாட்டின் ஒரு காட்டு ஊரையும், அந்த ஊருக்குப் பெயர் தந்த ஒரு புனிதரையும் சேர்த்தே சொல்கிறார்.

புனிதரிலிருந்து தொடங்குவோம். ஏழாம் நூற்றாண்டு. அயர்லாந்துத் துறவிகள் கடல் கடந்து ஐரோப்பாவின் உள்நாடுகளுக்குள் நடந்துகொண்டிருந்த காலம். ஃபர்சி என்ற பெரிய துறவியின் சீடர்களில் ஒருவர் கோபேன். பாரிசுக்கு வடகிழக்கே, இன்றைய லாவோன் நகருக்கும் உவாஸ் ஆற்றுக்கும் இடையில் இருந்த அடர்ந்த காட்டில் அவர் தனியே தங்கினார். அரசன் மூன்றாம் குளோத்தேர் அவருக்கு அங்கே நிலம் கொடுத்தான் என்கிறது மரபு. 670-ஐ ஒட்டி, வடக்கிலிருந்து வந்த கொள்ளைக் கூட்டம் அவர் தலையை வெட்டியது. வெட்டுண்ட இடம் வழிபாட்டு இடமாயிற்று. வழிபாட்டைச் சுற்றிக் குடிசைகள் எழுந்தன, ஊர் எழுந்தது, ஊர் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. ஜூன் 20 அவருடைய திருநாள்.

நம் பக்கத்தில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. திருமழிசையில் பிறந்த ஆழ்வாரை ஊர்ப் பெயராலேயே திருமழிசை ஆழ்வார் என்கிறோம். அங்கே ஊர் அடியாருக்குப் பெயர் கொடுத்தது, பிரான்சில் அடியார் ஊருக்குக் கொடுத்தார். திருமழிசையிலும் இன்று சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது என்பதை இந்தத் தொடரின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயிரம் ஆண்டுகள் அந்த ஊருக்கு வெளியுலகில் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. பக்கத்தில் கூசி என்ற பிரபுக் குடும்பத்தின் பெருங்கோட்டை இருந்தது. அதே குடும்பம் கோபேனின் ஊரிலும் ஒரு கோட்டை கட்டி, அது பாழடைந்தும் போயிற்று. மிச்சம் இருந்தது காடு. அந்தக் காட்டுக்காகத்தான் கண்ணாடி அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் வெனிஸ் நகரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் முகம் பார்க்கும் நல்ல கண்ணாடி என்றால் வெனிசை அடுத்த முரானோ தீவில் செய்தது என்று பொருள். பிரெஞ்சுப் பிரபுக்கள் அதற்குக் கொட்டிக் கொடுத்தார்கள். பதினான்காம் லூயி மன்னனின் நிதி அமைச்சர் கோல்பேருக்கு இது பொறுக்கவில்லை. நாட்டுப் பணம் வெளியே போவதை நாட்டுக்கு ஏற்பட்ட காயமாகவே அவர் கருதினார். 1665-இல் அரச உரிமை பெற்ற கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றைப் பாரிசில், செயின்ட் ஆன்டுவான் புறநகரில் நிறுவ வைத்தார். உரிமை நிக்கோலா து நுவாயே என்பவர் பெயரில் வழங்கப்பட்டது. இன்றைய பன்னாட்டு நிறுவனம் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது இந்த 1665-ஐத்தான்.

தொழிற்சாலை வைத்தாயிற்று, தொழில் தெரிந்தவன் வேண்டுமே! முரானோவின் கைவினைஞர்கள் தீவை விட்டு வெளியேறக் கூடாது என்பது வெனிஸ் குடியரசின் சட்டம். மீறிப் போனால் ஊரில் இருக்கும் குடும்பத்தின் மேல் தண்டனை விழும். பிரெஞ்சுத் தரப்பு ஆசை காட்டி, பணம் கொடுத்து, சிலரை இரகசியமாகக் கடத்திக்கொண்டு வந்தது. வந்தவர்கள் கேட்ட சம்பளமும் அவர்களுடைய சண்டைகளும் பாரிசில் பெரிய தலைவலியாயின. 1666-இல் லூயி மன்னனே பட்டறைக்கு நேரில் வந்து பார்த்தான். வெனிசின் தூதர் ஒரு பக்கம் மிரட்டலும் மன்னிப்பும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். 1667 ஜனவரியில் அந்தக் கைவினைஞர்களில் இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். விஷம் என்று ஊர் பேசியது. எஞ்சியவர்களில் பலர் பயந்து ஊர் திரும்பினார்கள். கண்ணாடி ஊதும் ஒருவனுடைய மூச்சுக்கு இரண்டு அரசுகள் அடித்துக்கொண்ட காலம் அது. அந்த இரண்டு சாவுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் வீட்டார் முரானோவில் எப்படிச் செய்தி கேட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெனிஸ்காரர்கள் போனாலும் வித்தை தங்கிவிட்டது. நார்மண்டிக் கரையில் ஷெர்பூருக்கு அருகே தூர்லாவில் என்ற ஊரில் ரிஷார் லூக்கா த நேயூ என்பவரும் நல்ல கண்ணாடி செய்துகொண்டிருந்தார். அவருடைய பட்டறை பாரிஸ் கம்பெனியோடு இணைந்தது. 1678-இல் தொடங்கி 1684-இல் முடிந்த வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம் இந்தக் கூட்டின் கைவேலை. பதினேழு வளைவுகள், வளைவுக்கு இருபத்தொரு கண்ணாடிகள், மொத்தம் 357. படத்தில் பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரே கண்ணாடி போலத் தோன்றும். கிட்டே போனால் கட்டம் கட்டமாக ஒட்டுத் தெரியும். காரணம் எளியது. அன்றைய கண்ணாடி ஊதிச் செய்தது. குழலில் ஊதி, உருளையாக நீட்டி, ஒரு பக்கம் வெட்டி, விரித்துச் சமன் செய்வார்கள். மனிதனின் மூச்சும் தோளும் தாங்குகிற அளவுக்கு மேல் அதில் பெரிதாக்க முடியாது.

பெரிதாக்க வேண்டுமானால் ஊதுவதை விட்டுவிட்டு ஊற்ற வேண்டும். ஓர்லியான் நகரத்துக் கண்ணாடி வல்லுநர் பெர்னார் பெரோ 1687-இல் இதைச் செய்து காட்டினார். லூயி லூக்கா த நேயூ, அதாவது தூர்லாவில் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்காரர், அதைத் தொழிலாக்கினார். ஆபிரகாம் தெவார் என்பவரின் பெயரில் 1688-இல் பெரிய அளவுக் கண்ணாடிக்கென்றே தனி அரச உரிமை எழுதப்பட்டது. பாரிசில் வைத்துச் சில காலம் நடத்திப் பார்த்தார்கள். உலை இராப்பகலாக விறகு தின்றது. தலைநகரத்தில் அவ்வளவு விறகுக்கு எங்கே போவது?

1692-இல் அவர்கள் கண்டுபிடித்த பதில்தான் கோபேனின் ஊர். சுற்றிலும் காடு. கூசிப் பிரபுக்களின் பாழ்க்கோட்டை சும்மா கிடந்தது, அதன் கல்லும் மதிலும் கட்டடத்துக்கு ஆயிற்று. செய்து முடித்த கண்ணாடியை வண்டியில் ஆற்றங்கரைக்கு இறக்கினால் உவாஸ் ஆற்றில் படகேற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோகலாம். விறகும் தண்ணீர் வழியும் கட்டி முடித்த மதிலும் ஓரிடத்தில் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுக்கு முன் தனிமை தேடி வந்த துறவியின் பெயர் இப்படித்தான் ஒரு கம்பெனியின் பெயராயிற்று.

ஊற்றும் வேலையை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த ஊரின் வாழ்க்கையே இருநூறு ஆண்டுக்கு மேல் அதைச் சுற்றிச் சுழன்றது. வெண்மணலும் சோடாவும் சுண்ணாம்பும் கலந்து களிமண் மூசையில் போட்டு உருக்குவார்கள். அந்த மூசையைச் செய்வதே ஒரு தனித் தொழில். களிமண்ணைக் காலால் மிதித்துப் பதம் செய்து, மாதக்கணக்கில் உலர்த்தி வைக்க வேண்டும். ஓட்டை விழுந்த மூசை உலைக்குள் உடைந்தால் பல நாள் உழைப்பு சாம்பலோடு போகும். உருகிய கண்ணாடி தெளிந்ததும் மூசையை இடுக்கியால் பிடித்துத் தூக்கி, பெரிய உலோக மேசையின் மேல் ஒரே சீராகக் கவிழ்ப்பார்கள். மேசையின் இரு விளிம்பிலும் இரும்புச் சட்டம். எவ்வளவு கனம் வேண்டுமோ அவ்வளவு உயரச் சட்டம். அதன் மேல் கனத்த உருளையை உருட்டினால் செந்தழலாகக் கிடக்கும் குழம்பு, தோசைக்கல்லில் மாவு பரவுவதுபோல, விளிம்பு வரை விரியும். சில நொடிகளுக்குள் முடிய வேண்டிய வேலை இது. ஒருவர் கால் தடுமாறினாலும் எல்லோருக்கும் தீக்காயம். விரிந்த தகடு இறுகியதும் பக்கத்தில் சூடேற்றி வைத்த தாழ்ந்த அடுப்பறைக்குள் தள்ளி, கதவை அடைத்து, நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். அவசரப்பட்டால் தகடு தானாக வெடிக்கும்.

ஆறி வெளியே வந்த தகடு கண்ணாடி போலவே இராது. மேசையில் பட்ட பக்கமும் உருளை பட்ட பக்கமும் மங்கலாக, மேடுபள்ளமாக இருக்கும். அதைப் பாரிசுக்கு அனுப்பி மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு இன்னும் நயமான பொடி, பிறகு மெருகு. தகட்டின் கனத்தில் பெரும் பங்கு தேய்த்தே கழிந்துவிடும். தேய்த்தவர்களின் தோளும் முதுகும் அதோடு சேர்ந்து தேய்ந்தன.

கடைசி வேலை ரசம் பூசுவது. வெள்ளீயத் தாளைக் கல்மேசையில் விரித்து, அதன் மேல் பாதரசம் ஊற்றி, கண்ணாடியை நழுவவிட்டுப் பளு ஏற்றி வைப்பார்கள். மிஞ்சிய பாதரசம் வடிந்து போக நாட்கள் ஆகும். அந்த அறைகளில் வேலை செய்தவர்களுக்குக் கை நடுங்கியது, பல் ஆடி விழுந்தது, நினைவு தடுமாறியது. வெர்சாய் மண்டபத்தில் தன் உருவத்தைப் பார்த்து மகிழ்ந்த யாருக்கும் அந்த நடுக்கம் தெரியாது. 1835-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்ணாடியில் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன் பின் பாதரசம் மெல்ல ஒழிந்தது. தொழில்களின் வரலாற்றில் ஒரு கண்டுபிடிப்பு எத்தனை பேரின் நரம்பைக் காப்பாற்றியது என்பதற்குத் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கம்பெனியின் பிழைப்பு நேர்க்கோடாகப் போகவில்லை. 1695-இல் ஊதும் கம்பெனியும் ஊற்றும் கம்பெனியும் இணைக்கப்பட்டன. 1702-இல் திவால். தொழிலாளர்கள் வெளிநாடுகளுக்குப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் அரசு தலையிட, ஜெனீவா வங்கிக்காரர்களின் பணத்தோடு புதிய கூட்டம் பொறுப்பேற்றது. 1758 முதல் 1789 வரை அங்கே இயக்குநராக இருந்த பியேர் தெலோனே தெலாந்து உலையையும் மூசையையும் சீர்திருத்தியவர், ஆலையின் வரலாற்றையும் எழுதி வைத்தவர். பிரெஞ்சுப் புரட்சி அரச உரிமைகளை எல்லாம் அழித்தது, கம்பெனி மட்டும் தப்பியது. ஸ்பெயினிலிருந்து வந்த சோடாவுக்குப் பதிலாக உப்பிலிருந்து சோடா செய்யும் லெப்லான் முறை வந்ததும், பக்கத்து ஊரான ஷோனியில் கம்பெனியே வேதிப்பொருள் ஆலை வைத்தது. கண்ணாடிக் கம்பெனி வேதியியல் கம்பெனியும் ஆயிற்று. வாயுக்களின் விதிக்காக நம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கே-லுசாக் 1840-களில் இந்தக் கம்பெனியின் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தார்.

பிறகு போர். 1914 முதல் 1918 வரை அந்த ஊரும் காடும் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தன. கூசியின் பெருங்கோட்டையை 1917-இல் பின்வாங்கும்போது வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1918 மார்ச்சில் அதே காட்டின் ஓரத்தில், கிரெப்பிக்கு அருகே, ஒரு ராட்சதப் பீரங்கி நிறுத்தப்பட்டது. சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாரிசின் மேல் அதன் குண்டுகள் விழுந்தன. புனித வெள்ளியன்று தேவாலயத்தில் கூடியிருந்தவர்கள் மேல் கூரை இடிந்து விழுந்து பலர் செத்தார்கள். உலைக்கு விறகு தந்த காடு பீரங்கிக்கு மறைப்புத் தந்தது. துறவியின் பெயர் அந்த ஆண்டு போர்ச் செய்திகளில் அடிபட்டது.

போருக்குப் பின் ஆலையைத் திரும்பக் கட்டினார்கள். அதை உண்மையில் அசைத்தது வேறொரு செய்தி. 1959-இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி, அலஸ்டர் பில்கிங்டன் உருவாக்கிய மிதவைக் கண்ணாடி முறையை அறிவித்தது. உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் உருகிய கண்ணாடியைப் பாயவிட்டால் அது தானே தட்டையாக மிதந்து, இரு பக்கமும் மெருகோடு, முடிவில்லாத நாடாவாக வெளியே வரும். தேய்க்க வேண்டாம், மெருகிட வேண்டாம். மேசை, உருளை, மணல், பொடி எல்லாம் ஒரே அடியில் பழசாயின. உலகத்தின் எல்லாக் கண்ணாடிக் கம்பெனிகளும் இந்த முறைக்கு மாற வேண்டியதாயிற்று. மலைமேல் இருந்த பழைய காட்டு ஆலைக்கு இனி விறகின் அனுகூலம் இல்லை, துறைமுகம் இல்லை, விரிய இடமும் இல்லை. 1990-களில் அங்கே உற்பத்தி நின்றது. கம்பெனி இதற்குள் 1970-இல் பொன்ட்-ஆ-மூசோன் என்ற இரும்புக் குழாய்க் கம்பெனியோடு சேர்ந்து, 1982-இல் அரசுடைமையாகி, 1986-இல் மீண்டும் தனியார் கைக்கு வந்து, பல நாடுகளில் பரவியிருந்தது. பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்து முற்றத்தில் 1989-இல் எழுந்த கண்ணாடிப் பிரமிடின் நிறமற்ற கண்ணாடியும் அவர்கள் செய்ததே. பெயர் தந்த ஊரில் இன்று இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். ஆலையின் பதினெட்டாம் நூற்றாண்டு நுழைவாயில் நிற்கிறது.

இனி நம் ஊர். 1996-இல் கிரைண்ட்வெல் நார்ட்டன் என்ற சாணைக்கல் கம்பெனியில் பெரும்பங்கு வாங்கி இந்தியாவுக்குள் வந்த கம்பெனி, மிதவைக் கண்ணாடிக்குத் தேர்ந்தெடுத்த இடம் திருப்பெரும்புதூர். ராமானுஜர் 1017-இல் பிறந்த ஊர். 1692-இல் காட்டைத் தேடிய அதே கணக்குத்தான் இங்கேயும், பொருள் மட்டும் மாறிவிட்டது. சென்னையில் துறைமுகம், பெங்களூருக்கு நெடுஞ்சாலை, கண் எதிரில் கார்த் தொழிற்சாலைகள், கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த நகரம், தொழிற்பயிற்சி நிலையங்களிலிருந்தும் பாலிடெக்னிக்குகளிலிருந்தும் ஆண்டுதோறும் வெளியே வரும் பிள்ளைகள். இந்தக் கடைசிச் செல்வத்தைத்தான் எந்த முதலீட்டு அறிக்கையும் போதுமான அளவு பேசுவதில்லை. வெனிஸ்காரனைக் கடத்த வேண்டியிருந்த கோல்பேருக்கு இது கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

2006-இல் இரண்டாவது உலையும் அங்கே எரியத் தொடங்கியது. மிதவைக் கண்ணாடி உலை ஒரு முறை பற்றவைத்தால் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு அணையாது. ஆயுத பூஜைக்கும் அணையாது, பொங்கலுக்கும் அணையாது. சுமார் 1,500 டிகிரியில் உருகும் குழம்பு, வெள்ளீயக் குளத்தில் 1,000 டிகிரியில் இறங்கி, 600 டிகிரியில் நாடாவாகக் கரையேறி, நீண்ட குளிர்விப்புக் கூடத்தில் ஆறி, வெட்டுமேசைக்கு வருகிறது. பழைய அடுப்பறையில் நாள்கணக்கில் நடந்த ஆறுதல் இப்போது நகர்ந்துகொண்டே சில மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆனால் அவசரப்பட்டால் வெடிக்கும் என்ற விதி மாறவில்லை.

அங்கிருந்து புறப்படும் பலகைகள் லாரியில் நிமிர்த்தி அடுக்கப்பட்டு மணவாள நகர் வழியாகவும் நம் பக்கம் வருகின்றன. பட்டறைகளில் வெட்டி, விளிம்பு உருட்டி, துளையிட்டு, டஃபன் செய்து, ஜன்னலாகவும் கடைக் கதவாகவும் குளியலறைத் தடுப்பாகவும் மாறுகின்றன. டஃபன் செய்வதென்றால் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி இரு பக்கமும் சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பது. மேல்தோல் இறுகி உட்புறத்தை இழுத்துப் பிடிக்கும். உடைந்தாலும் கத்தி போல் கிழிக்காமல் பொடிக்கற்களாக உதிரும். டஃபன் செய்த பிறகு வெட்ட முடியாது, துளையிட முடியாது. அளவு எடுக்கிறவர் ஒரு மில்லி தவறினாலும் முழுப் பலகையும் வீண். இந்த வேலையில் கை தேர்ந்தவர்கள் நம் ஊர்களில் இன்று ஏராளம். கையுறை போடாமல் பலகை தூக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மட்டும் நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து கையுறையும் மணிக்கட்டுக் காப்பும் போடுங்கள், முதலாளிகள் அதை வாங்கிக் கொடுங்கள்.

செயின்ட் கோபைன் கம்பெனி தன் பழைய கணக்குகளையும் கடிதங்களையும் பிரான்சின் ப்ளுவா நகரில் ஒரு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கிறது. முந்நூற்றைம்பது ஆண்டுக் கதையை இன்று இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடிவது இத்தகைய காகிதங்களால்தான். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்து தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. முதல் ஷிப்ட்டில் சேர்ந்தவர்கள் ஓய்வுபெறத் தொடங்கிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி, கற்றுக்கொடுத்த மேஸ்திரியைப் பற்றி, பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஆயுத பூஜைப் புகைப்படம் எதுவாயினும், உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். இந்தத் தொடருக்கு அவை வேண்டும்.

அடுத்த அத்தியாயம் மணலைப் பற்றியது. கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் வடக்கே போனால் வரும் கூடூர், சில்லகூர் பக்கத்து வெள்ளை மணல் எப்படிக் கண்ணாடித் தொழிலின் மூலப்பொருளாயிற்று, அதைத் தோண்டும் ஊர்களில் நிலமும் நீரும் என்னவாயின என்று பார்ப்போம்.

(தொடரும்)